டிஸ்மிஸ் அக்காவுக்கு ஓய்வு நிதி

எங்கள் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு மடிக்கும் அக்காவுக்கு 'டிஸ்மிஸ் அக்கா' என்று பேர். அவர் மடித்த விரிப்பின் ஓரத்தை வைத்து வெங்காயம் நறுக்கலாம். வாய் மட்டும் மடங்காது. முதலாளி ஒன்று சொன்னால் ஒன்பது திருப்பிச் சொல்வார்.

"இன்னையோட உன்ன வேலைய விட்டுத் தூக்கிட்டேன், போ!" என்று முதலாளி கத்துவார். அந்தச் சூட்டிலேயே பாதித் துணி காய்ந்துவிடும். மறுநாள் அக்கா வந்து நிற்பார். "ஏம்மா லேட்டு?" என்பார் முதலாளி. பல வருஷமாக வாரம் தவறாத கூத்து இது.

அக்காவின் முட்டி இரண்டும் எண்ணெய் காணாத கதவு மாதிரி கத்த ஆரம்பித்த நேரத்தில்தான் ஓய்வு நிதி வந்தது. சம்பளத்தில் நாங்கள் கொஞ்சம் போட, முதலாளியும் கொஞ்சம் போடுவார். வேலையை விட்டு ஓயும்போது கைக்கு வரும். யார் யார் சேரலாம் என்று விதி எழுதியவர் எங்கள் கணக்கர். தும்மல் வந்தாலும் விதியைப் பார்த்துவிட்டுத்தான் தும்முகிற மனிதர்.

"பதினெட்டு வயசு முடிஞ்சிருக்கணும். இடைவெளி இல்லாம ஒரு வருஷம் வேலை பாத்திருக்கணும்" என்று வாசித்தார்.

அக்கா இரண்டு கையையும் தூக்கினார்.

"நீங்க கைய இறக்குங்கம்மா."

"ஏன் சார், பதினெட்டு மாதிரி தெரியலையா?"

"போன வாரம் உங்கள நீக்கிட்டாங்க. மறுநாள் வந்தீங்கல்ல, அதுலேருந்துதான் கணக்கு."

எல்லோரும் சிரித்தோம். அக்கா சிரிக்கவில்லை. ஈரமூட்டை மேல் பொத்தென்று உட்கார்ந்தார். அக்கா வாய் மூடிப் பார்த்ததே இல்லையா, முதலாளிக்கு வியர்த்துவிட்டது.

"யோவ், அது கோபத்துல வர்றதுய்யா!"

"கோபத்துக்கு விதியில இடமில்ல சார்."

அக்காவுக்கு மெல்ல வாய் திரும்பியது. "அப்ப வாராவாரம் நான் புதுசா வேலைக்குச் சேந்தேனா? ஒரு நாளாவது 'வாம்மா'ன்னு சொன்னீங்களா முதலாளி?"

முதலாளி தலையைச் சொறிந்தார். "எழுதுய்யா. நான் வாயால சொன்னது எதுவும் நீக்கம் இல்ல. எழுதிக் குடுத்தாத்தான் நீக்கம்."

"அப்ப எனக்குக் கவலையே இல்ல" என்றார் அக்கா. "இவரு கையெழுத்து இவருக்கே புரியாது."

கணக்கர் ஒரு வரி சேர்த்தார். அக்கா நிதியில் சேர்ந்தார்.

மறுநாளே ஒரு தலையணை உறை இஸ்திரியில் கருகியது. முதலாளி பாய்ந்து வந்தார். "இன்னையோட உன்னத் தூக்கிட்டேன்!"

"சரிங்க முதலாளி" என்றார் அக்கா, ஒரு விரிப்பை உதறி. "அந்த ஓரத்தப் பிடிங்க, மடிக்கணும்."

பிடித்தார்.