குலுக்கலுக்கு முந்தின நாள்

என் மருமகள் பர்மாத் தமிழ்ப் பிள்ளை. ரங்கூனில் பிறந்தவ. லண்டனுக்குப் படிக்க வந்து, ஒரு முதியோர் இல்லத்தில் வேலை எடுத்து, என் மகனைக் கட்டினவ. மனோர் பார்க்கில் எங்களோடுதான் இருக்கிறார்கள். அவவுக்கு ஒரே ஒரு அண்ணன். முப்பத்திரண்டு வயது. ரங்கூனில் ஃபிரிட்ஜ் பெட்டி திருத்துகிறவர்.

அந்த நாட்டை ஆளுவது ராணுவ சபை. முதலில் எனக்கு அது பெரிய விசயமாகப் படவில்லை. ஆமியை நாங்களும் கண்டவர்கள்தானே. மருமகள் சொல்லச் சொல்லத்தான் வித்தியாசம் விளங்கியது. எங்கள் ஊரில் ஆமி றோட்டில் நின்றது. அரசாங்கம் கொழும்பில் வேறு ஆட்களாக இருந்தது. பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போனால் ஒரு எம்.பி.யிடம் போகலாம், சேர்ச் பாதரிடம் போகலாம், கோர்ட்டுக்குப் போகலாம். பலன் கிடைத்ததோ இல்லையோ, போய் நிற்க ஒரு வாசல் இருந்தது. அங்கே சட்டம் போடுவதும் ஆமி, பிடிப்பதும் ஆமி, முறைப்பாடு கேட்பதும் ஆமி. ஜெனரல்மார் ஒரு மேசையைச் சுற்றி இருந்து முடிவெடுப்பார்கள். டிவியில் ஒருவர் வாசிப்பார். அவ்வளவுதான், அது சட்டம்.

அப்படி வாசித்த ஒன்றுதான் இளம் ஆட்கள் ஆமியில் சேர வேண்டும் என்பது. மருமகளின் அண்ணன் அந்த வயதுக்குள் வருகிறார். வட்டார அலுவலகத்து ஆள் வீட்டுக்கு வந்து பேர் எழுதிக்கொண்டு போனார். வெள்ளிக்கிழமை குலுக்கல். சீட்டில் பேர் வந்தால் போக வேண்டியதுதான்.

சிங்கப்பூரில் அவர்களுக்குப் பெரியம்மா ஒருவர் இருக்கிறார். வெள்ளிக்கு முதல் அங்கே போய்ச் சேர வேண்டும். ரங்கூனில் அந்த வயதுப் பிள்ளைகள் வைத்திருந்த எல்லோருக்கும் இதே யோசனை. பிளேனில் இடம் இல்லை.

செவ்வாய்க்கிழமை நான் வேலையில் இருந்தேன். பஸ் கராஜில் துப்புரவு வேலை. பத்து மணி ரீ குடிக்கிற நேரம் என் மனுசி போன் எடுத்தா.

"வியாழக்கிழமை பிளேனில ஒரு இடம் இருக்காம். மருமகளின்ர அண்ணன் அங்கயிருந்து எடுக்கப் பாக்கிறாராம், பாங்க் காட் வேலை செய்யேல்லையாம். மருமகள் ஷிப்டில, போன் எடுக்கிறா இல்லை. மகனும் எடுக்கிறான் இல்லை. நீங்கள் டிக்கெட் எடுப்பியளோ?"

"ஓம்" என்றேன்.

நான் எட்டாம் வகுப்பு. ஆனால் போனில் டிக்கெட் எடுக்க எனக்குத் தெரியும். கன்டீன் மேசையில் இருந்து ஒவ்வொரு எழுத்தாகக் குத்தினேன். அவரின் பேர் எனக்குத் தெரியும். கலியாண அழைப்பிதழில் நானே சொல்லி அடித்த பேர். குடும்பப் பேர் என்று கேட்ட இடத்தில் தகப்பனின் பேரைப் போட்டேன். நாங்கள் எல்லோரும் அப்படித்தானே போடுகிறோம். பாஸ்போர்ட் நம்பர் கேட்கவில்லை, பிறகு கொடுக்கலாமாம். டிக்கெட் வந்தது. படம் எடுத்து மகனுக்கும் மருமகளுக்கும் அனுப்பினேன். அன்று மிச்சமிருந்த பஸ் எல்லாம் கெதியாகக் கழுவி முடிந்தது.

பின்னேரம் ஆறு மணிக்கு மருமகள் வந்தா. கோட்டைக் கழற்றவில்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டு, நான் ரீ ஊற்றிக்கொண்டிருந்த குசினி வாசலில் நின்றா.

"மாமா, இது வீட்டுப் பேரு."

"ஓம். அண்ணற்ர பேர்தானே?"

"வீட்ல, கோயில்ல கூப்பிடுற பேரு. பாஸ்போர்ட்ல பர்மாப் பேருதான் இருக்கும். பள்ளிக்கூடத்துல வச்ச பேரு. அப்பா பேரு எங்கயுமே வராது."

கலியாணத்துக்கு ஒரு வருசத்துக்குப் பிறகுதான் அவவுக்கே இரண்டு பேர் இருப்பது எனக்குத் தெரிய வந்தது. அவவின் வேலை அடையாள அட்டையில் ஒரு பேரைக் கண்டு வேறு ஆற்ரயோ காட் என்று திருப்பிக் கொடுக்கப் போனவன் நான். அது தெரிந்தும் இப்படிச் செய்திருக்கிறேன். அதைவிட, நான் இந்த நாட்டுக்கு வந்ததே இன்னொருவரின் பாஸ்போர்ட்டில். பதினொரு நாள் அவனுடைய பேரை மனப்பாடம் செய்தபடி வந்தேன். பேர் பிழைத்தால் என்ன நடக்கும் என்று எனக்கு ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை.

"ஏர்போட்ல பேரு ஒத்துப்போகலன்னா சும்மா திருப்பி அனுப்ப மாட்டாங்க மாமா. தனியா கூட்டிட்டுப் போய்ப் பட்டாளத்துக்கு எழுதின லிஸ்ட்டப் பார்ப்பாங்க" என்றா. குரலை உயர்த்தவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

மகன் விமானக் கம்பனிக்குப் போன் எடுத்தான். காத்திருக்கச் சொல்லிப் போடுகிற பாட்டுத்தான் கேட்டது.

புதன்கிழமை நான் வேலைக்கு வரவில்லை என்று சொன்னேன். கடை திறக்க முதலே நானும் மருமகளும் ஃபாரஸ்ட் கேட்டில் டிக்கெட் போடுகிற ஒரு தம்பியின் கடை வாசலில் நின்றோம். யாழ்ப்பாணத்துப் பெடியன், நாற்பது வயது இருக்கும். விசயத்தைக் கேட்டுவிட்டுக் கம்பியூட்டரைப் பார்த்தான்.

"அண்ணை, எழுத்துப் பிழை எண்டா மாத்தலாம். நீங்கள் ஆளையே மாத்தி வைச்சிருக்கிறியள்."

"ஓம்."

"ஆர் புக் பண்ணினது?"

"நான்தான்."

"அடுத்த முறை போனை வீட்டில வைச்சிட்டு இஞ்ச வாங்கோ."

அவன் சொன்னான், ஒரே வழிதான் இருக்கிறது. அந்த டிக்கெட்டை வெட்ட வேண்டும், கான்சல் பண்ண வேண்டும். வெட்டினால் அந்த இடம் திரும்ப எல்லோருக்கும் தெரியும். வேறு ஆள் எடுக்க முதல் நாங்கள் சரியான பேரில் எடுக்க வேண்டும். வேறு ஆள் முந்தினால் ஒன்றும் இல்லை.

"வெட்டட்டோ?" என்று கேட்டான்.

நான் மருமகளைப் பார்த்தேன். அவ பாஸ்போர்ட் படத்தைப் பெரிதாக்கி மேசையில் வைத்தா. "மொதல்ல பேரை அடிச்சு வச்சுக்குங்க. அப்புறம் வெட்டுங்க."

அவன் அடித்தான். "குடும்பப் பேர்?"

"கிடையாது."

"எல்லாருக்கும் ஒண்டு இருக்கும் தங்கச்சி."

"எங்க ஊர்ல இல்லங்க. அம்மாவுக்கு ஒரு பேரு, அப்பாவுக்கு ஒரு பேரு, எனக்கு ஒரு பேரு. ஒண்ணுக்கொண்ணு சம்பந்தம் இருக்காது."

"பிறகு எப்பிடிச் சொந்தக்காரரைக் கண்டுபிடிக்கிறியள்?"

"மூஞ்சியப் பார்த்தா தெரியும்ல."

அவன் சிரித்தான். பேரின் கடைசித் துண்டைக் குடும்பப் பேர் என்ற இடத்தில் போட்டான், அப்படித்தான் போடுவார்களாம். பிறகு சிரிப்பை நிற்பாட்டிவிட்டு வெட்டினான்.

இடம் உடனே வரவில்லை. அவன் திருப்பித் திருப்பித் தட்டினான். யாரோ கதவைத் திறந்து ஏதோ கேட்டார். "பொறுங்கோ" என்றான், திரும்பிப் பார்க்காமல். நான் சுவரில் இருந்த ஏதோ ஒரு ஊரின் கடற்கரைப் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஐந்து நிமிசமாக இருக்கலாம்.

"கிடைச்சிட்டுது" என்றான்.

மருமகள் கதிரையில் இருந்துவிட்டா. அதுவரை நின்றுகொண்டிருந்தா என்று அப்போதுதான் கவனித்தேன்.

வியாழக்கிழமை அங்கே பின்னேரம் பிளேன், எங்கள் நேரத்துக்குக் காலை ஒன்பது மணி. இங்கே வீட்டில் ஒருவரும் சரியாகச் சாப்பிடவில்லை. மனுசி சேர்ச் றோட் முருகன் கோயிலுக்குப் போய்விட்டா. மகன் வேலைக்கு. நானும் மருமகளும் குசினியில். அவவுக்கு அன்று இரண்டு மணி ஷிப்ட். காலையிலேயே யூனிபோமைப் போட்டுக்கொண்டு இருந்தா.

ஏழரைக்கு ஒரு செய்தி வந்தது. லைனில் நிற்கிறாராம். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. எட்டு மணி. எட்டேகால். நான் இரண்டு தரம் ரீ போட்டேன். இரண்டு தரமும் ஆறிப்போனது. என் பேர் இல்லாத பாஸ்போர்ட்டோடு நான் நின்ற லைன் நினைவுக்கு வந்தது. அவவிடம் சொல்லவில்லை. சொல்லி என்ன.

எட்டு முப்பத்தைந்துக்குப் படம் ஒன்று வந்தது. ஜன்னல், வெளியே பிளேனின் செட்டை. அவ்வளவுதான். எழுத்து இல்லை. மருமகள் அதை என்னிடம் நீட்டினா. நான் கண்ணாடியைத் தேடிப் போட்டுப் பார்த்தேன்.

"இறங்கட்டும்" என்றேன்.

"ஆமா. இறங்கட்டும்."

பன்னிரண்டு மணிக்குக் கொஞ்சம் பிந்திப் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டா. அண்ணனின் குரல், பக்கத்தில் பெரியம்மா அழுகிற சத்தம். ரங்கூன் இமிகிரேஷனில் இருந்த ஆமிக்காரன் டிக்கெட்டையும் பாஸ்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விரலை வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிட்டானாம். எங்கே போகிறாய் என்று கேட்டானாம். பெரியம்மாவைப் பார்க்க என்றாராம். முத்திரை குத்திக் கொடுத்துவிட்டானாம்.

"மாமா இருக்காரா?" என்று கேட்டார்.

"இருக்கிறன். சாப்பிட்டியளோ?"

"இன்னும் இல்ல மாமா."

"முதல்ல சாப்பிடுங்கோ."

வேறு என்ன கதைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. போனை அவவிடமே விட்டேன். அவர்களின் தாய் தகப்பன் இன்னும் ரங்கூனில்தான். ராணுவ சபையும் அங்கேதான் இருக்கிறது. அடுத்த நாள் வீட்டுக்கு வந்த வட்டாரத்து ஆள் மகன் எங்கே என்று கேட்டு எழுதிக்கொண்டு போனார் என்று பிறகு அறிந்தோம். இதுவரை வேறு ஒன்றும் நடக்கவில்லை. சீட்டில் பேர் வந்தாலும் பிடித்துக்கொண்டு போக அண்ணன் அங்கே இல்லை.

மருமகள் போனை வைத்தா. முகத்தைக் கழுவினா. ஆறின ரீயை ஒரே இழுப்பில் குடித்தா. வாசலில் குந்திச் சப்பாத்துப் போட்டா.

"இண்டைக்கு லீவு சொல்லன் பிள்ளை. படுத்து எழும்பு."

"வேணாம் மாமா" என்றா, கயிறு கட்டிக்கொண்டே. "ரெண்டு வாரமா போய்ச் சும்மா நின்னுட்டு வந்தேன். இன்னிக்குத்தான் வேலை செய்ய முடியும்."

கதவைச் சாத்திவிட்டுப் போனா. நான் சோறு போட்டுச் சாப்பிட்டேன்.