ஸ்டெஃபானியா சுட்ட ரொட்டி

போருக்கு முன் ஸ்டெஃபானியா வின்னித்சா நகரத்துப் பள்ளியில் பிரெஞ்சு கற்பித்தாள். போர் வந்ததும் எங்கள் ஆயுதக் கொள்முதல் அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளர் ஆனாள். அவள் ஒரே மகன் யரேமா கிழக்கே போர்முனையில் மோர்ட்டார் என்னும் சிறு பீரங்கிப் படையில் இருந்தான். தொலைபேசியில் அவன் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: "குண்டு எங்கம்மா?"

உலகத்தில் குண்டுக்கா பஞ்சம்? நேச நாடுகள் கிடங்குகளைப் பூட்டிக்கொண்டு எங்களுக்காக அழுதன. மிஞ்சியவர்கள் தரகர்கள். அப்படி ஒருவர் பிரெஞ்சு பேசிக்கொண்டு முதல் லாரிகளோடு வந்து இறங்கினார்.

விருந்தாளியைப் பூவேலை செய்த துண்டில் ரொட்டியும் உப்பும் ஏந்தி வரவேற்பது எங்கள் வழக்கம். அன்று ரொட்டி சுட்டதும் ஏந்தியதும் ஸ்டெஃபானியாதான். தரகர் ஒரு துண்டு பிய்த்து, உப்பில் தோய்த்துத் தின்றார். எல்லோரும் கைதட்டினார்கள்.

மேல்வரிசைப் பெட்டிகளில் குண்டுகள் புதிதாக மின்னின. அவள் இயக்குநர் ஹ்னாத்யுக்கிடம் மெல்லச் சொன்னாள்: "ஐயா, அடியில இருக்கிற பெட்டியையும் திறக்கச் சொல்லுங்க."

"இப்பத்தான் நம்ம ரொட்டியத் தின்னாரு. உடனே மடியை உதறிக் காட்டுன்னு சொல்லவா? கோவிச்சுக்கிட்டுப் போனா நமக்கு வேற எவன் தருவான்?"

"தின்னாரு, சரி. சத்தியம் பண்ணினாரா?"

"வாத்தியார் வேலையை என்கிட்ட காட்டாதம்மா."

சோதித்தால் நாள் ஆகும். மகன் காத்திருந்தான். அவளும் விட்டுவிட்டாள்.

கோதுமை மாவுக்கு மனச்சாட்சியை உண்டாக்கும் சக்தி கிடையாது. குண்டுகள் போர்முனைக்குப் போய்ச் சேர்ந்ததும் யரேமா தொலைபேசியில் சிரித்துக்கொண்டே பேசினான்: "அம்மா, உங்க குண்டு கோழி மாதிரி பறக்குது. வேலியைத் தாண்டல. மருந்தெல்லாம் நமுத்துப்போச்சு."

"அதைப் போடாதடா!"

"பின்ன உருளைக்கிழங்கைப் போடவா?"

அந்த வாரமே அவர்கள் சுட்ட குண்டு ஒன்று அவர்கள் பதுங்குகுழிக்குள்ளேயே விழுந்தது. யரேமாவை மூடிய பெட்டியில் கொண்டுவந்தார்கள்.

தரகர்மேல் வழக்குப் போடச் சொல்லி இயக்குநரின் அறையில் நான் கத்தினேன். "போடலாம். அப்புறம் குண்டை நீ சுட்டுத் தருவியா, அடுப்புல?" என்றார் அவர்.

வசந்தத்தில் அதே தரகர் மறுபடி வந்தார். ஸ்டெஃபானியா வெறுங்கையோடு நின்றாள். ஹ்னாத்யுக் கடை ரொட்டி வாங்கிவரச் செய்தார். தரகர் அதையும் பிய்த்துத் தின்றார். பிறகு அவள் தலையில் கட்டியிருந்த கறுப்புத் துணியைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தி, "வீட்டில் யாராவது இறந்துவிட்டார்களா?" என்று கேட்டார். எனக்கும் அந்த அளவு பிரெஞ்சு புரியும்.

"என்னம்மா கேக்குறாரு?" என்றார் ஹ்னாத்யுக்.

"எத்தனை லாரி வேணும்னு கேக்குறாரு ஐயா."

"இருக்கிறதையெல்லாம் அனுப்பச் சொல்லு."

அதை அவள் பிழையில்லாமல் மொழிபெயர்த்தாள்.