பஞ்சாட்சரத்துக்கு ஒரு நடவு பாக்கி

யார் வந்து நடவுக்குக் கூப்பிட்டாலும் ஜெயம்மாள் முதலில் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொள்வாள். செருகிய கை திரும்பி வருவதற்குள் வாய் சொல்லிவிடும்: "வந்துர்றோம்." அவளோடு பத்தொன்பது வருஷமாகச் சேற்றில் இறங்கும் ஓரகத்தி பிரிஸ்கில்லாவுக்கு இது மனப்பாடம். முந்தானை அசைந்ததுமே, "போச்சு, இன்னொரு ஆளு" என்று முணுமுணுப்பாள்.

உத்திரமேரூரைச் சுற்றி நடவு நடும் பதினோரு பெண்களுக்கு ஜெயம்மாள்தான் தலைவி. யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. அந்தக் கூட்டத்தில் முதலில் செல்போன் வாங்கியவள் அவள், அவ்வளவுதான். ஒரே நாளை இரண்டு பேருக்குக் கொடுப்பது அவளுக்குச் சர்வசாதாரணம். இருந்தும் இதுவரை மாட்டிக்கொண்டதில்லை. இருவரில் ஒருவருக்கு உழவு டிராக்டர் வராமல் போகும், இல்லையென்றால் மழை பிடித்துக்கொள்ளும். ஜெயம்மாள் அதையெல்லாம் தன் சாமர்த்தியக் கணக்கில் சேர்த்துக்கொள்வாள்.

"நம்ம கூட்டத்த நடத்துறது நீ இல்லக்கா, டிராக்டரு" என்பாள் பிரிஸ்கில்லா.

கிறிஸ்துமஸ் முடிந்த மூன்றாம் நாள், ஒரே நாளை வாங்கியிருந்த இருவர் நிலத்திலும் டிராக்டர்கள் சொன்ன நேரத்துக்கு வந்து உழுதுவிட்டுப் போயிருந்தன.

காலையில் சர்ச் வாசலில் பஞ்சாட்சரம் அனுப்பிய குட்டியானை வண்டி நின்றது. பெரிய விவசாயி. நடவு, களை என்று போகத்துக்கு இருபது நாள் வேலை அவர் நிலத்தில்தான். ஐந்து பெண்கள் ஏறி உட்கார்ந்தும்விட்டார்கள். அப்போது எண்பது சென்ட் குத்தகைக்கு எடுத்துப் பயிர் வைக்கிற தமிழ்ச்செல்வி மொபெட்டில் வந்து இறங்கினாள்.

"இன்னாக்கா, இங்கயே நின்னுகினு கீறீங்க? நேத்தே நாத்து புடுங்கியாச்சு. ஏரித் தண்ணி எங்களுக்கு இன்னிக்கு ஒரு நாளுதான். நாளைக்கி சேறு இறுகிப் பூடும்."

வண்டியில் இருந்தவர்களும் கீழே நின்றவர்களும் ஜெயம்மாளைப் பார்த்தார்கள். அவள் சாலையைப் பார்த்தாள். அங்கே அவளைக் காப்பாற்ற எதுவும் வரவில்லை.

"பாதிப் பாதியா பூடலாமா?" என்றாள் மெல்ல.

"போலாமே," என்றாள் பிரிஸ்கில்லா. "ரெண்டு எடத்துலயும் நடவு பாதிதான் ஆவும். திட்டு மட்டும் முழுசா வாங்கலாம்."

ஜெயம்மாள் வண்டிக்காரனிடம் திரும்பினாள். "ஐயா நாத்து எப்ப புடுங்குனது?"

"இன்னிக்குக் காத்தாலதான்."

"போர்ல தண்ணி கீதா?"

"அதுக்கின்னா கொற? நிக்காம கொட்டுது."

அவள் கை முந்தானைக்குப் போனது. பிரிஸ்கில்லா பார்த்துக்கொண்டே இருந்தாள். இழுத்த முந்தானை செருகப்படாமல் கையிலேயே நின்றது.

"எல்லாரும் எறங்குங்கடி. தமிழ்ச்செல்வி நெலத்துக்குப் போறோம்."

பஞ்சாட்சரத்துக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் போட்டது வேண்டுமென்றா, பதற்றத்திலா என்று தெரியவில்லை. "ஐயா, இன்னிக்கு முடியாதுங்க" என்றாள். பழக்கமில்லாத வார்த்தையாதலால் இருமலோடு வந்தது. இன்னொரு தரம், தமிழ்ச்செல்வி பெயரையும் சேர்த்துச் சொல்லவேண்டியிருந்தது.

"மொதல்ல எனக்குத்தானே வரேன்னு சொன்ன?"

"ஆமாங்கய்யா. தப்பு என்னுதுதான். ஒங்க நாத்து தண்ணில கெடந்தா நாளைக்கி வரிக்கும் தாங்கும். அதுங்களது தாங்காது. நாளைக்கி ஆறு மணிக்கு வந்துர்றோம்."

"நாளைக்கி எவளும் வர வேணாம். நீ எனக்கு ஒரு நடவு பாக்கி. ஞாபகம் வெச்சுக்க."

வரப்பில் நடக்கும்போது பிரிஸ்கில்லாவுக்கு ஆத்திரமாகத்தான் இருந்தது. இருபது நாள் வேலை ஒரு போனில் போய்விட்டது. ஆனால் கால்கள் முன்னால் போகிறவளின் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தன. இத்தனை வருஷம் 'வந்துர்றோம்' என்பதைக் கேட்டுச் சிரித்தோமே, அந்தப் போனை ஒரு நாளாவது நாம் எடுத்துப் பேசியிருக்கிறோமா என்று நினைத்தாள். எடுத்திருந்தால் என்ன சொல்லியிருப்போம்? நாற்று முடியைக் கையில் வாங்கிக்கொண்டு சேற்றில் இறங்கினாள்.

பஞ்சாட்சரம் அன்று மதியமே வேறு ஆட்களை இறக்கிவிட்டார். களைக்கும் கூப்பிடவில்லை. பதினோரு பேரும் ஷேர் ஆட்டோவில் தென்னேரிப் பக்கம் வரை போய் வேலை தேடினார்கள். போகும்போதும் திட்டினார்கள், வரும்போதும் திட்டினார்கள். ஜெயம்மாள் சுவரில் மாட்டியிருந்த சர்ச் காலண்டரை இறக்கி, நாளுக்கு ஒரு பெயராக எழுத ஆரம்பித்தாள். 'முடியாது' கொஞ்சம் அதிகமாகவே பழகிவிட்டது. பிரிஸ்கில்லா ஒரு கரண்டி குழம்பு கேட்டபோதுகூட அதுதான் முதலில் வந்தது.

அடுத்த போகம். பஞ்சாட்சரம் நிலத்தில் உழவு ஓடுவதாகக் கேள்விப்பட்டதும் ஜெயம்மாள் அவர் நடவு நாளைக் கணக்குப் போட்டுக் காலண்டரில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டாள். அந்த நாளைக் கேட்ட இரண்டு பேருக்கும் முடியாது என்றாள்.

"அவரு கூப்புடவே இல்லியேக்கா?" என்றாள் பிரிஸ்கில்லா.

"கூப்புடலன்னா பாக்கி தீந்துடுமா?"

அந்த நாளும் வந்தது. பிரிஸ்கில்லா சர்ச் வாசலுக்குப் போனபோது ஜெயம்மாள் அவளுக்கு முன்பே அங்கே நின்றிருந்தாள், முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு. மணி ஆறு. ஏழும் ஆனது. குட்டியானை வரவில்லை.