நான் தேடிய போத்தல்

என் வீட்டுக்காரர் மறுபடியும் குடிக்கத் தொடங்கிவிட்டார் என்று போன தவக்காலத்தில் இதே செபக்கூட்டத்தில் அழுதவள் நான். நீங்களும் என்னோடு சேர்ந்து அழுதீர்கள். அன்றைக்கு நான் சொன்னது பொய். அதைத் திருப்பி எடுக்கத்தான் இன்று எழுந்து நிற்கிறேன்.

அவர் குடியை விட்டுப் பதினொரு வருடம். ஆனால் போன வருடம் நடையில் கால் இழுபட ஆரம்பித்தது. சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டார். வத்தேகம சந்தைக்கு மீன் வாங்கப் போனவர் வெறும் பையோடு வந்து, எதற்குப் போனேன் என்று என்னையே கேட்டார். தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுந்தார். எனக்கு வேறென்ன தோன்றும்? வாசலில் நிறுத்தி வாயை மணந்து பார்த்தேன், அறுபத்தெட்டு வயது மனிதரை, மருமகன் முன்னால். ஒரு மணமும் இல்லை. அப்படியும் நம்பவில்லை.

"கிளினிக் போகணும், கூட வா புள்ள" என்று ஒருநாள் கேட்டார்.

"குடிக்கிற ஆளுக்கு என்ன கிளினிக்?" என்றேன். அதன்பிறகு அவர் கேட்கவில்லை.

"ஆண்டவரே, அவர் ஒளித்து வைத்திருக்கும் போத்தலை எனக்குக் காட்டும்" என்று ஒன்பது நாள் ஒருவேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி இருந்து செபித்தேன். ஒன்பதாம் நாள் அலுமாரியைக் கிண்டினேன். உடுப்புக்கு அடியில் கையில் அகப்பட்டது போத்தல் இல்லை, கிளினிக் கொப்பி. ஐந்து மாதமாக அதில் ஒரு பதிவும் இல்லை. பக்கத்தில் பிரஷர் மாத்திரை உறை காலியாகக் கிடந்தது. கூட வா என்று கேட்டவரை நான் விரட்டிய நாளோடு அவர் கிளினிக் போவதையே விட்டிருந்தார்.

மறுநாளே கண்டிக்குக் கூட்டிப்போனேன். பிரஷர் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. தலையை ஸ்கேன் எடுத்த டொக்டர், மூளையில் சின்னச் சின்ன அடைப்புகள் வந்துபோன தழும்புகள் இருக்கின்றன என்றார். சத்தமில்லாமல் வரும் பாரிசவாதமாம். வாய் கோணாது, கை விழாது, வந்தவருக்கே தெரியாது. ஆனால் ஞாபகமும் நடையும் குணமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடும். பிரஷரைக் கவனிக்காமல் விட்டால் பெரிதாக ஒன்று வரலாம் என்றார். எந்தத் தழும்பு எப்போது வந்தது என்று அவராலும் சொல்ல முடியவில்லை. எனக்கு அந்த ஐந்து மாதம்தான் கண்ணுக்குள் நிற்கிறது.

திரும்பும்போது பஸ்ஸில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "குடிக்கலன்னு நீங்க ஏங்க அடிச்சுச் சொல்லல?"

"சொன்னேனே புள்ள. நீ நம்பல. கொஞ்ச நாள்ல எனக்கே சந்தேகம் வந்துருச்சு."

போனது முழுதாகத் திரும்பாது. ஆனால் மாத்திரை தவறுவதில்லை, கறிக்கு உப்பைக் குறைத்துவிட்டேன், மாலையில் இருவரும் கோயில்வரை நடக்கிறோம். பெரிய அடி விழாமல் ஆண்டவர் காத்தார். நான் தப்பாகத்தான் கேட்டேன், அவர் சரியானதைக் காட்டினார். உங்கள் வீட்டில் வயதானவர் தடுமாறினால் சந்தேகப்படாதீர்கள். அவரை நம்பிச் செபியுங்கள், கையோடு டொக்டரிடமும் கூட்டிப்போங்கள்.

காலையில் மாத்திரையை நீட்டினால் இன்றும் அவர் முதலில் வாயைத் திறந்து என் முகத்தில் ஊதிக் காட்டுகிறார். விளையாட்டுக்குச் செய்கிறாரா, மறந்துபோய்ச் செய்கிறாரா என்று கேட்க எனக்குத் தைரியமில்லை.

அதோ, மூன்றாவது கதிரையில் உட்கார்ந்திருக்கிறார். அவர் குடிக்கவில்லை. குடிக்கவே இல்லை.