இருபத்தைந்து மீட்டர்

என் அக்காவின் படிப்பு நின்றது ஒரு பூஜ்யத்தால். அது அவள் வாங்கிய பூஜ்யம் அல்ல. கேள்வித்தாளை அடித்த யாரோ கைதவறிச் சேர்த்தது.

அக்கா என்னைவிட ஒரு வயது மூத்தவள். மஞ்சள்காமாலையில் ஒரு வருடம் வீணானதால் இருவரும் ஒரே வகுப்பு. ஓட்டப்பிடாரம் பக்கத்திலிருந்த எங்கள் ஊர்ப் பள்ளியில் எட்டாவது வரைதான். அங்கே கணக்கு டீச்சர் கரும்பலகைப் பக்கம் அதிகம் போகமாட்டார். உளுந்து பிடுங்கிய நிலத்துக்கு எங்களைக் கூட்டிப்போய், கரையோரமாகச் சுற்றிப் போனால் எத்தனை எட்டு, மூலைக்கு மூலை குறுக்கே போனால் எத்தனை எட்டு என்று நடந்து எண்ணச் சொல்வார். மழை பெய்திருந்தால் கரிசல் காலில் அப்பிக்கொண்டு நடக்கவிடாது. எனக்கு எரிச்சலாக வரும். அக்காவோ டீச்சரே போதும் என்றாலும் கரையேற மாட்டாள்.

ஒன்பதாவதுக்குக் கோவில்பட்டி. அங்கே கணக்கு சாருக்கு நடப்பதெல்லாம் ஆகாது. புத்தகத்திலுள்ள கணக்கு அத்தனையும் நெட்டுரு. "நாலு புள்ளி ரெண்டு, ஆறாவது கணக்கு!" என்று அவர் சொல்லி வாய் மூடுவதற்குள் நான் எழுந்து விடைவரைக்கும் கடகடவென்று ஒப்பித்துவிடுவேன். என்ன சொல்கிறேன் என்று எனக்குத் தெரியாது, அதை யாரும் கேட்கவும் இல்லை. அக்காதான் ஓயாமல் எழுந்து நிற்பாள்.

"அங்கன எதுக்கு சார் வர்க்கம் போடுதோம்?"

"நீ கேள்வி கேக்க வந்தியா, பாஸாக வந்தியா? உக்காருட்டி!"

பத்தாவதில் எல்லாரும் தேறியதாகக் காட்டவேண்டும் என்பதற்காக, ஒன்பதாவதில் தேறாத பிள்ளைகளுக்கு டி.சி.யைக் கொடுத்து அனுப்பிவிடுவது அந்தப் பள்ளியின் வழக்கம். அப்பாவும் கறாராகச் சொல்லியிருந்தார். "தேறலைன்னா புதியம்புத்தூருக்குத் தைக்கப் போயிரணும். இன்னொரு பள்ளிக்கூடம் தேடி அலைய என்னால ஏலாது."

முழு ஆண்டுத் தேர்வில் அந்தக் கணக்கு வந்தது. செவ்வக நிலம், ஒரு பக்கம் இருபத்துநாலு மீட்டர், அடுத்த பக்கம் ஏழு மீட்டர், மூலைவிட்டம் எவ்வளவு? புத்தகத்தில் விடை இருபத்தைந்து. கேள்வித்தாளில் அந்த ஏழு, எழுபது என்று விழுந்திருந்தது. வகுப்பே இருபத்தைந்து என்று எழுதிவைத்தது. எண்ணைப் பார்க்கும் பழக்கம் எங்களுக்குக் கிடையாது. முதல் நாலு சொல்லிலேயே எந்தக் கணக்கென்று பிடித்துவிடுவோம். அக்கா மட்டும் படம் போட்டு, எழுபத்துநாலு என்று எழுதியிருந்தாள்.

படம் போட்டு நேரத்தை விட்டதாலும், புத்தகத்து வரிகளை அப்படியே எழுதாததாலும் மற்ற கணக்குகளிலும் மதிப்பெண்ணை இழந்திருந்தாள். மொத்தம் முப்பத்தொன்று. முப்பத்தைந்து எடுத்தால் தேர்ச்சி. அந்தக் கணக்குக்கு ஐந்து மதிப்பெண்.

அப்பாவை வரச்சொல்லியிருந்தார்கள். சார் மேசைக்கு எதிரே மூன்று பேரும் நின்றோம்.

"எழுவது மீட்டர் கரை சார்," என்றாள் அக்கா. "குறுக்க நடந்தா இருவத்தஞ்சுலயே எப்படிப் போய்ச் சேர முடியும்?"

சார் கேள்வித்தாளைத் தேடவில்லை, புத்தகத்தைத் திறந்தார். "ஏழுன்னு போட்டிருக்கு பாரு. எல்லாப் பிள்ளையும் ஒண்ணு எழுதுது, நீ மட்டும் வேற எழுதுத." பிறகு என்னைப் பார்த்தார். "நீ சொல்லு. என்ன விடை?"

அக்கா என் பக்கம் திரும்பி, "ஏட்டி, கேள்விய வாசிச்சிட்டுச் சொல்லு," என்றாள்.

நான் எதையும் வாசிக்கவில்லை. நிமிர்ந்து நின்று, "நாலு புள்ளி ரெண்டு, ஏழாவது கணக்கு, இருபத்தைந்து மீட்டர்," என்றேன்.

"பாத்தீங்களா அண்ணாச்சி, ஒரே வயித்துல பிறந்ததுதான்," என்றார் சார். அப்பா தலையைக் குனிந்துகொண்டு டி.சி.க்குக் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த வாரமே அக்கா புதியம்புத்தூரில் தையல் மிஷின் முன் உட்கார்ந்தாள். இன்றும் அங்கேதான் இருக்கிறாள். நான் பத்தாவதில் கணக்கில் நூறு வாங்கினேன். கல்லூரியில், புத்தகத்தில் இல்லாத கணக்கை முதன்முதலாகக் கொடுத்தபோது, ஒரு வரிகூட எழுத முடியாமல் வெறுந்தாளை மடித்துக் கொடுத்துவிட்டு வந்தேன். அன்றைக்குத்தான் அக்காவை நினைத்து அழுதேன்.

டி.சி. வாங்கிய அன்று பஸ்ஸில் அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். என் பக்கம் திரும்பி, "நீயும் அந்த நெலத்துல என்கூடத்தான நடந்த?" என்று கேட்டாள்.

"ஆமா."

"பெறவு எப்படிட்டி இருவத்தஞ்சுன்னு சொன்ன?"

"புத்தகத்துல அப்படித்தான இருக்கு."

அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். தோற்றுப்போன வருத்தம், என்மேல் பொறாமை என்றே நினைத்தேன். அந்தக் கேள்வித்தாள் நாலாய் மடித்து என் மடியிலிருந்த பைக்குள்தான் கிடந்தது. எடுத்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. விடையைச் சரியாகச் சொன்னதற்குச் சார் என்னைப் பாராட்டியதை, வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்றே யோசித்துக்கொண்டு வந்தேன்.