நான்கு என்று எழுதி ஒன்பது என்று அடித்தேன்

பீளமேட்டில் ஒரு மில் தொழிலாளியின் வீட்டுச் சுவரில், நான் கைப்பட எழுதிய கார்டு ஒன்று ஒட்டியிருந்தது. அதில் ஓர் எண் பொய். அதை எழுதியபோது எனக்கு வயது இருபத்தாறு. இப்போது எண்பதைத் தாண்டிவிட்டேன். அந்தப் பொய்யைப் பற்றி என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

முப்பதுகளில் எங்கள் ஜில்லாவில் சொந்தமாக ரேடியோவில் செய்தி அனுப்பும் லைசென்ஸ் வைத்திருந்தவர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். பாட்டுக் கேட்கிற ரேடியோ அல்ல இது. வீட்டிலேயே ஒரு செட்டை வைத்துக்கொண்டு, மோர்ஸ் கீயைத் தட்டி, உலகத்தில் எங்கோ இருக்கும் இன்னொரு பைத்தியக்காரனோடு பேசுவது. பேச்சென்றால் பெரிதாக ஒன்றுமில்லை. நீ எந்த ஊர், உன் செட் என்ன, அங்கே மழையா வெயிலா. ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: உன் ஒலி என் காதில் எப்படி விழுகிறது என்பதை. அதற்கு மூன்று எண்கள். முதலாவது தெளிவுக்கு, இரண்டாவது பலத்துக்கு, மூன்றாவது சுத்தத்துக்கு. சுத்தம் என்றால், புல்லாங்குழல் மாதிரி ஒரே சீராக வந்தால் ஒன்பது. கரகரப்பும் இரைச்சலும் கலந்திருந்தால் அதற்குத் தக்கபடி குறையும். பேச்சு முடிந்ததும் அதே எண்களைக் கார்டில் எழுதித் தபாலில் அனுப்ப வேண்டும். அதுதான் சாட்சி.

இந்த எண்களில் மரியாதை பார்க்கக் கூடாது என்பது எங்களுக்குள் சட்டம் மாதிரி. ஏனென்றால் அனுப்புகிறவனுக்குத் தன் ஒலி வெளியே எப்படிப் போகிறது என்று தெரியாது. செட்டுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பவன் காதில் எல்லாமே பெரும் சத்தம்தான். அடுத்தவன் காதை நம்பித்தான் அவன் தன் செட்டைத் திருத்த முடியும்.

எனக்கு ஆர்.எஸ்.புரத்தில் வீடு. மெட்ராஸில் பௌதிகம் படித்துவிட்டு வந்து, அப்பாவின் பஞ்சுக் கிடங்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் செட் சீமையிலிருந்து கப்பலில் வந்தது. மாடியில் தேக்கு மேஜைமேல் கறுப்புப் பெட்டியாக உட்கார்ந்திருக்கும். வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவோம்.

பீளமேட்டுக்காரர் மில்லில் மின்சார மோட்டார்களைப் பார்த்துக்கொள்ளும் ஃபிட்டர். என்னைவிட மூன்று நான்கு வயது மூத்தவர். இரவுப் பள்ளியில் இங்கிலீஷ் படித்து, பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கியவர். அவருடைய செட் ஒரு தேயிலைப் பெட்டிக்குள் இருந்தது. சினிமாக் கொட்டகையில் கழித்துப்போட்ட வால்வு, தானே செப்புக்கம்பி சுற்றிச் செய்த காயில், கண்ணாடிக் குப்பியின் கழுத்தை அறுத்துச் செய்த இன்சுலேட்டர். ஏரியல் கம்பியை வீட்டுக்கூரைக்கும் வேப்பமரத்துக்கும் இடையே கட்டியிருந்தார். பக்கத்து வீட்டுக்காரி ஒருநாள் அதில் சேலை காயப்போட்டுவிட்டாள்.

நான் அங்கே போகும்போதெல்லாம் அவர் மனைவி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு ஒரு குத்தல் வார்த்தை சொல்லாமல் போகமாட்டார்.

"நீங்களாச்சும் கேளுங்க. சந்தைக்குப் போகோணும், பை எங்கீங்கன்னு மூணு தடவை கேட்டுப்போட்டேன். காதுல ஏறுல. இனி நானும் கட்டுக்கடகடன்னு தந்திதான் அடிக்கோணுமாட்ட இருக்குது."

"அடி, பாக்கலாம். நீ அடிச்சா எட்டூருக்குக் கேக்கும். ஏரியலே வேண்டீதில்லை" என்பார் அவர்.

நேரில் என்னை அவர் 'ஏனுங்க' என்றுதான் கூப்பிடுவார். நான் உட்காரும்வரை உட்காரமாட்டார். காற்றில் அது கிடையாது. மோர்ஸில் 'ங்க' அடிக்க நேரமில்லை. எல்லோரும் எல்லோரையும் 'ஓல்டு மேன்' என்றுதான் அழைப்போம். மில் ஃபிட்டரும் தோட்டத்துத் துரையும் பஞ்சுக் கிடங்குக்காரன் மகனும் அங்கே ஒன்று. ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு அவரும் நானும் பேசுவது வழக்கம். ஐந்து மைல் தூரத்துக்கு இத்தனை ஏற்பாடா என்று அப்பா சிரிப்பார்.

எனக்கு அவரைப் பிடிக்கும். மோர்ஸ் கீயில் அவர் கை என் கையைவிட நல்ல கை என்பதும் எனக்குத் தெரியும். இரண்டும் ஒன்றாகவே இருந்துகொண்டிருந்தன, ஒரு நாள் வரை.

நியூஸிலாந்து நிலையம் ஒன்றை நான் பல மாதங்களாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஒருமுறைகூடப் பதில் வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு நான் கேட்டுக்கொண்டிருக்கும்போதே பீளமேட்டுக்காரர் அதை ஒரே தரம் கூப்பிட்டார். உடனே பதில் வந்தது. இருவரும் கால் மணி நேரம் பேசினார்கள். அவர்கள் முடித்ததும் நான் கூப்பிட்டேன். அந்த மனிதர் படுக்கப் போய்விட்டார் போலிருக்கிறது.

மூன்று மாதம் கழித்து அங்கிருந்து கார்டு வந்தது. மில் விட்டதும் சைக்கிளில் நேராக என்னிடம்தான் கொண்டுவந்தார். சட்டையில் எண்ணெய்க் கறை. கார்டைக் கைக்குட்டையில் சுற்றியிருந்தார்.

"ஊட்டுல கூட இன்னும் காட்டலீங்க. மொதல்ல நீங்க பாக்கோணும்னு வந்தனுங்க."

நன்றாக இருக்கிறது என்றேன். அன்று ராச்சாப்பாடு எனக்கு இறங்கவில்லை.

அதுவரை அவர் பேட்டரியில் ஓட்டிக்கொண்டிருந்தார். அந்த மார்கழியில் வீட்டுக்கு மலையிலிருந்து பைக்காரா கரண்டு வந்ததும், செட்டையும் அதற்கு மாற்றினார். கரண்டில் ஓட்டுவதென்றால் அதன் அதிர்வை வடிகட்டி அனுப்ப வேண்டும். கண்டன்சர் என்ற சின்னத் தகர டப்பா ஒன்று அந்த வேலையைச் செய்யும். அது சரியில்லையென்றால் அதிர்வு ஒலியோடு சேர்ந்து வெளியே போய்விடும். அவரிடம் இருந்தது பழையது, எங்கோ கழற்றியது.

அடுத்த ஞாயிறு எட்டு மணிக்கு அவர் என்னைக் கூப்பிட்டார். ஹெட்போனில், குடத்துக்குள் தேனீக்கூட்டம் புகுந்த மாதிரி இருந்தது. புது கரண்டு, சுத்தம் எப்படி, உள்ளதைச் சொல்லவும் என்று கேட்டார்.

நாங்கள் கேட்டதையும் சொன்னதையும் லாக் புத்தகத்தில் எழுதிவைக்க வேண்டும். நான் முதலில் அதில் எழுதினேன்: சுத்தம், நான்கு. பிறகு கீயில் கை வைத்து ஒன்பது என்று அடித்தேன்.

மோர்ஸில் நான்கு என்பது நாலு புள்ளி, ஒரு கோடு. ஒன்பது நாலு கோடு, ஒரு புள்ளி. ஒன்றை நினைத்து மற்றதை அடிக்க முடியாது. கை தவறியது என்று பிற்பாடு என்னை நானே சமாதானப்படுத்திக்கொள்ளப் பார்த்திருக்கிறேன். அதற்கு வழியே இல்லை. மறுநாள் கார்டிலும் மசியால் ஒன்பது என்று எழுதி அனுப்பினேன். அவருக்குக் கெடுதல் வர வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. கொஞ்ச நாள் அவர் அசிங்கமாகக் கேட்கட்டும், யாராவது தூரத்துக்காரன் முகம் சுளிக்கட்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான் என்று சொல்லலாம். ஆனால் அதுவே போதுமானதாக இருந்தது.

தூரத்து நிலையங்கள் இரண்டு அவருக்குச் சுத்தம் ஐந்து, நான்கு என்று சொல்லின. அதை அவர் என்னிடமே சொல்லிச் சிரித்தார். "கடல் தாண்டிப் போகையில கரகரப்பு ஏறிக்குது போலீங்க. பக்கத்துல இருக்கற நீங்க ஒம்பதுன்னு எழுதியிருக்கீங்களே, அதுதானுங்க கணக்கு." தூரம் பலத்தைத்தான் குறைக்கும், சுத்தத்தைக் கெடுக்காது என்று அவருக்கும் தெரியும். தெரிந்தும் என் கார்டைத்தான் நம்பினார்.

மலைமேல் தேயிலைத் தோட்டத்தில் இருந்த ஒரு துரைக்கும் லைசென்ஸ் உண்டு. பீளமேட்டு இரைச்சல் அகலமாகப் பரவி, மற்ற நிலையங்களைக் கேட்கவிடாமல் செய்கிறதென்று அவர் மேலிடத்துக்குப் புகார் எழுதிவிட்டார். மாசி முடிவில் மெட்ராஸிலிருந்து ஓர் அதிகாரி ரயிலில் வந்து இறங்கினார். முதலில் எங்கள் வீட்டுக்கு வந்து காபி சாப்பிட்டார். என் காரிலேயே இருவரும் பீளமேட்டுக்குப் போனோம்.

அதிகாரி அவரைக் கீயைத் தட்டச் சொல்லிவிட்டு, தன்னுடன் கொண்டுவந்த சின்ன ரிசீவரை வாசலில் வைத்துக் கேட்டார். அவர் முகம் சுருங்கியது. உடனே பீளமேட்டுக்காரர் சுவரிலிருந்து என் கார்டைப் பெயர்த்தெடுத்துக் கொடுத்தார். சுண்ணாம்பும் சேர்ந்து வந்தது.

"பாருங்க, சார். சுத்தம் ஒம்பது. இவருதானுங்க எழுதுனது. இவரு காது தப்பாதுங்க."

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "இது உங்கள் கையெழுத்தா? ஒன்பதா இருந்தது?"

என் லாக் புத்தகம் வெளியே காரில் இருந்தது. அதிகாரி பார்க்கக் கேட்பார் என்று நானே எடுத்து வந்திருந்தேன்.

"அன்றைக்கு ஒன்பதுதான் இருந்தது. பிறகு எப்போது கெட்டதோ, எனக்குத் தெரியாது" என்றேன்.

"அப்படியானால் செட் கெட்டுப்போனதுகூடத் தெரியாமல் இரண்டு மாதமாக அனுப்பிக்கொண்டிருக்கிறீர்" என்று அதிகாரி அவரிடம் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. அஜாக்கிரதை என்று குறித்துக்கொண்டு, லைசென்ஸை நிறுத்திவைத்தார். பழுதைக் கண்டுபிடித்துத் திருத்திவிட்டு எழுதினால் மறுபடி பரிசீலிக்கலாம் என்றார்.

பீளமேட்டுக்காரர் என்னைப் பார்த்தார். "சரீங்க" என்றார், அதிகாரியிடமா என்னிடமா என்று தெரியவில்லை. அவர் மனைவி காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு போனார்.

அவர் பழுதைத் தேடத் தொடங்கினார். மில் மோட்டார்களில் சத்தத்தைக் கேட்டே கோளாறைச் சொல்பவர் அவர். இரண்டு முறை கிடங்குக்கு வந்து என்னைக் கூப்பிட்டார்.

"ஏரியலைக் கழட்டிப்போட்டு, ஒரு பல்பை மாட்டி ஓட்டறேனுங்க. வெளிய ஒண்ணும் போகாது. சட்டத்துக்கு மாறில்லீங்க. நீங்க ரிசீவரோட ஒருக்கா வந்து காதைக் குடுத்தீங்கன்னா போதுமுங்க."

முதல் முறை பஞ்சு வரத்து அதிகம் என்றேன். இரண்டாம் முறை தங்கை கல்யாணம் என்றேன். கல்யாணம் நிஜம்தான். முகூர்த்தத்துக்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது.

ஆவணி நடுவில் சீமையில் யுத்தம் தொடங்கியது. எல்லா லைசென்ஸ்களும் ரத்து. செட்டுகளைக் கலெக்டர் கச்சேரியில் ஒப்படைக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. நான் காரில் கொண்டுபோனேன். பீளமேட்டுக்காரர் ஜட்காவில் வந்தார். தேயிலைப் பெட்டியை மனைவியின் பழைய சேலையில் சுற்றியிருந்தார்.

குமாஸ்தா ஒவ்வொன்றையும் ஓர் அச்சுப் பாரத்தில் எழுதினார். என்னுடையதற்கு 'நல்ல நிலை' என்று போட்டார். அடுத்து அவர் முறை.

"ஓடுமா?"

"பழுதுங்க."

"என்ன பழுது?"

அவர் பெட்டியின் மேல் கை வைத்தபடி நின்றார். "தெரியலீங்க" என்றார்.

குமாஸ்தா 'பழுது' என்று மட்டும் எழுதி, அதற்குப் பக்கத்தில் ஒரு கோடு இழுத்தார். தேயிலைப் பெட்டியை இரண்டு பியூன்கள் உள்ளே தூக்கிக்கொண்டு போனார்கள். அந்த 'தெரியலீங்க'வை என்னால் தாங்க முடியவில்லை. வராந்தாவில் அவரை நிறுத்தினேன்.

"அந்த மொத ஞாயித்துக்கிழமையே நாலுதானுங்க. லாக்ல நாலுன்னு எழுதிப்போட்டுத்தான் உங்களுக்கு ஒம்பதுன்னு அடிச்சேன்."

எதற்காக என்று கேட்பார் என எதிர்பார்த்தேன். பதிலையும் தயாராக வைத்திருந்தேன். அவர் கேட்கவில்லை.

"மொத நாளே நாலுங்களா?"

"ஆமாங்க."

"அப்பக் கண்டன்சர்தானுங்க." விரல்களை மடக்கிக்கொண்டே சொன்னார். "மாத்துன அன்னைக்கே எனக்கு அது மேல சந்தேகமுங்க. நீங்க ஒம்பதுன்னு சொன்னதால அதைத் தொடவே இல்லை. அன்னைக்கு நல்லா இருந்துச்சுன்னா, அதுக்குப் பொறவு மாறுனது எதுவோ அதுலதானே பழுது இருக்கோணும்? ஏரியலை அவுத்துக் கட்டுனேன். காயிலை மூணு தடவை சுத்துனேன். மழையில ஈரம் ஏறிருச்சோன்னு வேற தேயிலைப் பொட்டிக்கே மாத்துனேன். ஆறு மாசமுங்க. கண்டன்சரை மாத்தறதுக்கு அரை மணி நேரம் போதும்."

இதையெல்லாம் என்னைக் குற்றம் சொல்லுகிற குரலில் அவர் சொல்லவில்லை. கணக்கில் விடுபட்ட படி ஒன்று கிடைத்தவரைப் போலச் சொன்னார். செட் கையைவிட்டுப் போன பிறகு, எனக்கு எந்த நஷ்டமும் இல்லாத நேரத்தில்தான் நான் உண்மையைச் சொன்னேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அவர் திரும்பி உள்ளே போனார். நான் வாசற்படியில் நின்றேன்.

"ஏனுங்க, அந்தப் பாரத்துல பழுதுக்கு நேரா கண்டன்சர்னு எழுதிக்கிறீங்களா?"

"ஒப்படைச்சாச்சு, கையெழுத்தும் போட்டாச்சு. இனி அதை எழுதி என்னய்யா ஆகப்போகிறது?"

"என்ன பழுதுன்னு இப்பத் தெரிஞ்சுபோச்சுங்க. எழுதிக்கோங்க."

குமாஸ்தா முணுமுணுத்துக்கொண்டே எழுதினார். பீளமேட்டுக்காரர் குனிந்து, எழுத்து எழுத்தாகப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். ஜட்கா நிக்குதுங்க, போயிக்கறேனுங்க என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

யுத்தம் முடிந்து லைசென்ஸ்கள் மறுபடி கொடுக்கப்பட்டபோது நான் வாங்கினேன். அவர் விண்ணப்பிக்கவில்லை. கடைத்தெருவில் பார்த்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்பார். பிள்ளைகள் சௌக்கியமா, பஞ்சு வரத்து எப்படி என்று விசாரிப்பார். ஒருமுறை புது ரேடியோ ஒன்றை வாங்கி எடுத்துக்கொண்டு அவர் எதிரே வந்தார். எந்த மாடல், எத்தனை வால்வு என்று நான்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். ஆனால் ஒரு பொருளையோ ஒரு வேலையையோ காட்டி, இது எப்படி இருக்கிறது என்று அவர் இறக்கும்வரை என்னிடம் கேட்டதில்லை.