பிஞ்சைப் பார்த்து விரல் நீட்டாதே

நாற்று வளர்த்து விற்கிற தொழிலில், முளைத்ததைப் பற்றிச் சொல்ல யாரும் வரமாட்டார்கள். முளைக்காததைக் கையில் ஏந்திக்கொண்டு வீடு தேடி வருவார்கள்.

கள்ளக்குறிச்சியில் நாங்கள் குடியிருக்கும் வீட்டுக்குப் பின்னால் நீளமாக ஒரு துண்டு இடம் கிடக்கிறது. முன் போர்ஷனில் வீட்டு ஓனரம்மா, பின் போர்ஷனில் நாங்கள். என் வீட்டுக்காரருக்கு உளுந்தூர்பேட்டையில் லாரி ஆபீஸ் வேலை, ஞாயிற்றுக்கிழமைதான் வருவார். மகள் தாரணிக்கு இரண்டு வயது முடிந்து இரண்டு மாதம் ஆகிறது. இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவளை யாரிடமும் விட்டுவிட்டு வேலைக்குப் போக எனக்குப் பயம். அதனால் பால் கவரில் மண் நிரப்பி, கத்தரி, மிளகாய், தக்காளி, கொடி வகைகள் என்று நாற்று விட்டு விற்கிறேன். செம்மண் கொண்டுவந்து கொட்டுவது, கொத்துவது, பந்தல் கட்டுவது எல்லாம் அஞ்சலையக்கா. வயல் வேலை இல்லாத நாளில் எனக்கு வருவார்.

தொட்டி வைத்து நொந்துபோனவர்களுக்கு உதவும் என்றுதான், மகள் தூங்கிய பிறகு இதை எழுதுகிறேன். என்னைவிட நன்றாக வளர்க்கிறவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

தோண்டிப் பார்த்த பாகல்

எதிர் வீட்டுத் தையல்காரம்மா சரோஜா பாகல் விதை வாங்கிப் போனார். ஐந்தாம் நாள் விதையோடு திரும்பி வந்துவிட்டார். "இது செத்த வெதைங்க" என்று என் உள்ளங்கையில் வைத்தார். பார்த்தால் ஓரத்தில் வெள்ளையாக வேர் எட்டிப் பார்த்து, அதுவும் உடைந்து கிடக்கிறது. தினமும் காலையில் விரலை விட்டுத் தோண்டிப் பார்த்திருக்கிறார்.

பாகல் விதைக்கு ஓடு கனம். ஒரு ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, நுனியை நகவெட்டியால் லேசாக நறுக்கிவிட்டுப் போட வேண்டும். அப்படியும் பத்து நாள் ஆகலாம். ஈரம் காயாமல் பார்த்துக்கொள்வதைத் தவிர வேறு எதுவும் செய்யக்கூடாது, தொடவே கூடாது என்று நான் பாடம் நடத்தினேன். தாரணி என் இடுப்பில் இருந்தாள். பேசிக்கொண்டே அவள் கன்னத்தை அழுத்தி வாயைத் திறந்து, நாக்கு அடியில் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தேன் போலிருக்கிறது. எனக்கே தெரியாமல் வந்துவிட்ட பழக்கம் அது. சரோஜா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தோண்டாதன்னு சொல்றீங்க, நீங்க மட்டும் கொழந்த வாயத் தொறந்து தொறந்து பாத்துக்கினே இருக்கீங்களே, அது இன்னாங்க?"

சின்னக் கல்

புடலங்காய் சுருண்டுகொள்ளாமல் நேராக வளர வேண்டுமென்றால், பிஞ்சு ஒரு சாண் ஆனதும் நுனியில் நூலால் ஒரு சின்னக் கல்லைக் கட்டித் தொங்கவிட வேண்டும். திருநாவலூரிலிருந்து வந்து நாற்று வாங்கிப்போன ஒருவருக்கு இதைச் சொல்லியிருந்தேன். அடுத்த வாரம் போன் செய்தார். கட்டிய பிஞ்செல்லாம் காம்போடு அறுந்து விழுந்துவிட்டதாம். என்ன கல் கட்டினீர்கள் என்றேன். அம்மிக் குழவி தவிர வீட்டிலிருந்த கல்லெல்லாம் கட்டியிருப்பார் என்று தோன்றியது.

"சின்னக் கல்லுன்னீங்க, எவ்ளோ சின்னதுன்னு நீங்க சொல்லவே இல்லியே."

மலைக்குப் போன தக்காளி

கல்வராயன் மலைப் பள்ளிக்கூடம் ஒன்றில் வேலை பார்க்கும் டீச்சர், பள்ளித் தோட்டத்துக்கு நாற்பது தக்காளி நாற்று கேட்டார். நான் நிழல் வலைக்குக் கீழே, வேளாவேளைக்குத் தண்ணீர் ஊற்றி, தளதளவென்று வளர்த்தேன். அட்டைப்பெட்டியில் அடுக்கி முதல் பஸ்ஸில் ஏற்றி அனுப்பினேன். மேலே மூன்று நாள் காற்று. நாற்பதும் படுத்துவிட்டது.

தப்பு என்னுடையதுதான். நட வேண்டிய இடத்துக்கு அனுப்புவதற்கு ஒரு வாரம் முன்பே வலையை எடுத்துவிட்டு வெயில் காட்ட வேண்டும். தண்ணீரைக் கம்மி பண்ண வேண்டும். கொஞ்சம் வாடவிட்டு வாடவிட்டு ஊற்றினால்தான் தண்டு கெட்டிப்படும். எனக்கு எதையும் வாடவிட மனசு வருவதில்லை. போனில் மன்னிப்புக் கேட்டேன். டீச்சர் கோபித்துக்கொள்ளவே இல்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

"செடிதாம்மா போயிடுச்சி. கவரெல்லாம் ஒண்ணுகூடக் கிழியல, கழுவி வெச்சிருக்கேன், திருப்பி அனுப்பட்டுமா?"

மடக்கிக் காட்டுவது

எங்கள் பின்பக்கத்துச் சுரைப் பந்தல் ஓனரம்மாவுடையது. கொடி என்னுடையது. காய் பாதிப் பாதி. ஓனரம்மா மணலூர்பேட்டைப் பக்கத்து விவசாயக் குடும்பம். நெல், கரும்பு எல்லாம் பார்த்தவர். பந்தலுக்குக் கீழே வருகிறவர்களுக்கு அவர் போட்ட சட்டம் ஒன்றுதான்: பிஞ்சைப் பார்த்து விரல் நீட்டக்கூடாது. நீட்டினால் வெம்பி விழுந்துவிடும். காட்டித்தான் ஆகவேண்டும் என்றால் விரலை மடக்கி, முட்டியால் காட்ட வேண்டும். இந்த ஊரில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். நாற்று வாங்க வருகிற காலேஜ் பையன்கூட அங்கே வந்தால் தானாக விரலை மடக்கிக்கொள்வான்.

நான் படித்த கான்வென்டில் வேறு காரணத்துக்காக இதே சட்டம் இருந்தது. யாரையாவது நோக்கி விரல் நீட்டினால் மரியாதை இல்லை என்று சிஸ்டர் பார்க்கிற பார்வையிலேயே விரல் மடங்கிவிடும். ஆக எனக்கு இரண்டு பக்கத்திலும் பயிற்சி. தாரணி பத்து மாதக் குழந்தையாக இருந்தபோது, பந்தலுக்குக் கீழே தூக்கிக்கொண்டு போனால் மேலே கை தூக்குவாள். நான் அந்தக் குட்டி விரலைப் பிடித்து மடக்கிவிடுவேன். கூடாது கண்ணு, கூடாது. அந்த வருஷம் காய்ப்பு ஜாஸ்தி. ஒரு நாளைக்கு எத்தனை தடவை மடக்கியிருப்பேனோ தெரியாது. பிறகு ஒரு நாள் அவள் கை தூக்குவதை நிறுத்திவிட்டாள். நானும் அதைக் கவனிக்கவில்லை. ஓனரம்மா மட்டும் கவனித்திருந்தார், மெச்சிக்கொண்டார்.

"ஒரு வயசுல இன்னா அடக்கம் பாரு. சொன்னத அப்படியே புடிச்சிக்கிச்சி ஒம் பொண்ணு."

டாக்டரின் புதினா

தட்டைக் கீழே போட்டால் தாரணி திரும்பிப் பார்க்கிறாள். பஸ் ஹாரனுக்கு ஓடி வருகிறாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மட்டும் சில சமயம் பார்ப்பாள், சில சமயம் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். இரண்டு மாதம் முன்பு விழுப்புரத்தில் ஒரு குழந்தை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனோம். காதில் குறை இல்லை என்று டெஸ்ட்டில் வந்தது. டாக்டர் தாரணியைத் தரையில் விட்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு, "பேச்சை விடுங்க. ஏதாவது வேணும்னா விரல் நீட்டிக் காட்டுறாளா? அழகா இருக்கிற ஒண்ணைப் பார்த்தா உங்களுக்குக் காட்டுறாளா?" என்று கேட்டார்.

என் வீட்டுக்காரர் இல்லை என்றார். நான் சுரைப் பந்தலைப் பற்றிச் சொன்னேன். மடக்கி மடக்கி நான்தான் நிறுத்திவிட்டேனா என்று கேட்டேன். டாக்டர் சிரிக்கவில்லை. அப்படியெல்லாம் மடக்கினால் நின்றுவிடாதும்மா, காரணம் வேறாக இருக்கும், மூன்று மாதம் பார்க்கலாம், இனிமேல் நீங்களே எல்லாவற்றையும் விரல் நீட்டிக் காட்டுங்கள், அவள் நீட்டினால் உடனே அந்தப் பக்கம் பாருங்கள் என்றார். எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். அவரோ எங்கள் பதிவுச் சீட்டில் என்ன தொழில் என்று எழுதியிருந்ததைப் பார்த்தார்.

"நர்சரியா வெச்சிருக்கீங்க? மாடியில மூணு தடவ புதினா நட்டுட்டேன், வரும், அப்புறம் நின்னுடும். ஏன்னு உங்களால சொல்ல முடியுமா?"

யார் காட்டியது

ஊருக்குத் திரும்பிய வாரம் பந்தலில் பிஞ்செல்லாம் மஞ்சளாகி உதிர ஆரம்பித்தது. விரலளவு கூட வளரவில்லை. உங்கள் வீட்டிலும் இப்படி உதிர்ந்தால் முதலில் தேனீ வருகிறதா என்று பாருங்கள். சுற்றிலும் மருந்து அடிக்கிற காலத்தில் வண்டு, தேனீ வராது. சுரைப்பூ சாயங்காலம்தான் மலரும். நீளக் காம்போடு இருப்பது ஆண் பூ. அதைப் பறித்து இதழை உரித்துவிட்டு, அடியில் குட்டிக் காயோடு இருக்கும் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவிவிட வேண்டும். அவ்வளவுதான். தினமும் ஆறு மணிக்கு நான் ஸ்டூல் மேல் ஏறித் தடவினேன். மூன்று பிஞ்சு பிடித்தது.

ஆனால் அதற்குள் ஓனரம்மா, பந்தல் கட்டிய அஞ்சலையக்காதான் விரல் நீட்டியிருப்பாள் என்று முடிவு கட்டிவிட்டார். நான்கு பேர் நாற்று வாங்க நிற்கும்போதே கேட்டும்விட்டார். எனக்குக் காரணம் தெரியும். தேனீ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். குடியிருக்கிற வீடு, பேசாத குழந்தை, வேறு வீடு தேடுவது என்று என்னவெல்லாமோ நினைத்துக்கொண்டு, மண் கலக்கிக்கொண்டிருந்த தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அஞ்சலையக்கா மண்வெட்டியைக் கழுவிச் சாய்த்து வைத்துவிட்டுத்தான் பேசினார்.

"எங்க வெரலு மண்ண அள்றதுக்கே சரியாப் பூடுதும்மா. சொரக்காயக் காட்றதுக்கு அதுக்கு ஏது நேரம்."

ஒன்று போயிற்று

மறுநாள் அஞ்சலையக்கா வீட்டுக்கே போய், நான் பேசாமல் நின்றது தப்பு என்று சொல்லி அழைத்து வந்தேன். வந்தார், ஆனால் அதற்குப் பிறகு பந்தலடிக்கு மட்டும் போகமாட்டேன் என்றுவிட்டார்.

நான் ஓனரம்மா இல்லாத நேரமாகப் பார்த்துத் தாரணியைப் பந்தலுக்குக் கீழே தூக்கிப் போனேன். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, திருடி மாதிரி என் விரலை நீட்டினேன். அதோ பாரு, காய். நீட்டும்போது எனக்கே கை கூசியது. தாரணி காயைப் பார்க்கவில்லை, என் விரலைப் பார்த்தாள். இப்படியே பதினோரு நாள். பன்னிரண்டாம் நாள் சாயங்காலம் சரோஜா மிளகாய் நாற்று எடுக்க வந்திருந்தார். நான் ஒரு கையால் எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். இடுப்பிலிருந்தவள் கையைத் தூக்கினாள். ஒற்றை விரல், நேராக, நடுப்பிஞ்சை நோக்கி. பிறகு திரும்பி என் முகத்தைப் பார்த்தாள், நானும் பார்த்தேனா என்று கேட்பது மாதிரி. சத்தம் ஒன்றும் வரவில்லை. சரோஜா பழக்க தோஷத்தில் அந்த விரலை மடக்கப் பாய்ந்தார். நான் அவர் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். வலித்திருக்கும். மிளகாய் நாற்றெல்லாம் தரையில்.

நிமிர்ந்தால், முன் போர்ஷன் கதவில் ஓனரம்மா நிற்கிறார். எத்தனை நாளாக நின்று பார்த்திருக்கிறாரோ. உள்ளே போய்விட்டார். நான்காம் நாள் அந்தப் பிஞ்சு, என் கையாலேயே மகரந்தம் தடவிப் பிடிக்கவைத்த பிஞ்சு, அடி மஞ்சளாகி விழுந்தது. ஏன் என்று எனக்குத் தெரியவில்லை. தூறல் காரணமாக இருக்கலாம். வீட்டைக் காலி பண்ணச் சொல்லப்போகிறார் என்று நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். ஓனரம்மா வெம்பிய பிஞ்சை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு என் வாசலில் வந்து நின்றார். டாக்டர் சொன்னதையெல்லாம் சொன்னேன். அவர் நம்பிக்கையில் ஒரு இம்மிகூட மாறவில்லை என்பது அவர் அந்தப் பிஞ்சைப் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது.

"ஒண்ணு போச்சி. இன்னும் ரெண்டு இருக்குது. கொழந்தயத் தூக்கிக்கினு வா."

அது நடந்து மூன்று வாரம் ஆகிறது; தினமும் சாயங்காலம் நாங்கள் இரண்டு பேரும் தாரணியோடு பந்தலடியில் நிற்கிறோம், அவள் விரல் மறுபடி நீளவில்லை, அந்த இரண்டு காயும் ஒரு குறையுமில்லாமல் கொழுத்துக்கொண்டே போகின்றன, சொந்தப் பந்தலில் விளைச்சலைப் பார்த்துக் கவலைப்படுகிற தோட்டக்காரி இந்த ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.